பாலத்தில் பிறந்த எண்

1843-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி, திங்கட்கிழமை. டப்ளின் நகரத்து ராயல் கால்வாய்க் கரையில் ஒரு கனவான் மனைவியாருடன் நடந்துகொண்டிருந்தார். அந்த அம்மாள் அவ்வப்போது ஏதோ சொல்கிறார். இவர் காதில் பாதிதான் விழுகிறது. புரூம் பாலத்தருகே வந்தவர், சட்டென்று பேனாக்கத்தியை எடுத்துக் கல்லில் எதையோ கீறத் தொடங்கிவிட்டார்!

அவர்தாம் வில்லியம் ரோவன் ஹாமில்டன். வயது 38. கல்லில் கீறியது, அந்த நிமிஷத்தில் பிறந்த ஒரு புது எண்ணின் ஜாதகம்.

இரண்டு எண்களை ஜோடி கட்டி ஒரே எண்ணாக நடத்தும் வித்தை அப்போதே வழக்கில் இருந்தது. காகிதத்தின்மேல் ஒரு புள்ளியைச் சுழற்ற அது போதும். வெளியில் ஒரு பொருளைச் சுழற்ற மூன்று எண்கள் வேண்டும் என்று நினைத்தார் ஹாமில்டன். கூட்டல் வந்தது, பெருக்கல் வரவில்லை. அந்த மாதம் காலை ஆகாரத்துக்கு அவர் இறங்கி வரும்போதெல்லாம், "அப்பா, பெருக்க வந்துவிட்டதா?" என்று பிள்ளைகள் கேட்பார்களாம். அவர் தலையை அசைத்து, "கூட்டவும் கழிக்கவும்தான் தெரிகிறது" என்பாராம். பதினைந்து வருஷமாக அவரை வாட்டிய கணக்கு அது.

பாலத்தில் அவருக்குப் பளிச்சிட்டது இதுதான்: மூன்று போதாது, நான்கு வேண்டும். அதற்கு விலையும் உண்டு. ஐ என்பதை ஜே என்பதால் பெருக்கினால் கே. திருப்பிப் பெருக்கினாலோ, மைனஸ் கே! இரு மூன்றும் ஆறு, மூவிரண்டும் ஆறு என்று நாம் திண்ணைப் பள்ளியிலேயே நம்பிய சட்டத்தை அவர் கைவிட்டார்.

அக்கிரமமாகத் தோன்றுகிறதா? ஒரு புத்தகத்தை மேஜைமேல் வையுங்கள். எதிர்ப்பக்கத்து விளிம்பைத் தூக்கி, அட்டை உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பிறகு கடிகாரச் சுற்றாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். அட்டை பக்கத்துச் சுவரைப் பார்க்கும். மறுபடி படுக்கவைத்து, முதலில் திருப்பி அப்புறம் நிமிர்த்துங்கள். அட்டை உங்களையே பார்க்கும். ஹாமில்டன் சட்டத்தை மீறவில்லை. உலகம் அப்படித்தான் சுழல்கிறது.

கம்ப்யூட்டருக்குப் பிறவியில் தெரிந்தது முழு எண்ணும் தசம எண்ணுந்தான். ஒரு பொருளையும் அது செய்யக்கூடிய காரியங்களையும் சேர்த்து 'வகுப்பு' என்று ஒரே கட்டாகக் கட்டலாம் என்பதை 1967-இல் ஸிமுலா மொழியில் காட்டினார்கள், நார்வே தேசத்து டாலும் நிகார்டும். டென்மார்க்கில் பிறந்த ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் அந்த யோசனையை வளர்க்கலானார். அதுவே ஸி பிளஸ் பிளஸ் ஆயிற்று. அதில் நாமே புது எண் செய்யலாம். உள்ளே நான்கு தசம எண்கள். நட்சத்திரக் குறி வந்தால் எப்படிப் பெருக்குவது என்று சில வரிகள். ஹாமில்டனின் எண் தயார்!

வரிகள் எழுதுவது அரை மணி வேலை. எந்தச் சட்டத்தை விடுவது என்று தீர்மானிப்பதல்லவா பெரும்பாடு? அந்தத் தீர்மானம் நட்சத்திரக் குறியின் முகத்தில் எழுதியிருப்பதில்லை. பள்ளிக்கூட ஞாபகத்தில் ஒருவர் வரிசையை மாற்றி எழுதிவிட்டால் இயந்திரம் முணுமுணுக்காது; விண்கலத்தைத் தப்பான திசைக்குத் திருப்பிவிடும். 1995-இல் ஜாவா மொழியைக் கொணர்ந்த காஸ்லிங், பிறர் குறிகளை இஷ்டப்படி வளைத்ததைப் பார்த்துச் சலித்து, அந்த உரிமையையே மறுத்துவிட்டார். அங்கே 'பெருக்கு' என்று பெயர் வைத்துத்தான் அழைக்க வேண்டும். எனக்கென்னவோ இது பேனாக்கத்தியைப் பிடுங்கிவைக்கும் பெரியவர் காரியமாகவே படுகிறது.