கோச்சிக்கு முந்தின நடை

லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த நாங்கள் நாலு பேர் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகத் திட்டம் போட்டோம். றொசல்ல ஸ்டேஷனில் கோச்சி ஏறி, ஒஹியவில் இறங்கி, அங்கிருந்து காட்டுக்கு நடப்பது. இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்தியின் அப்பாயி சிரிச்சாங்க. "காட்டப் பாக்க கோச்சியில போறீங்களா? எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் காட்டுக்குள்ளாலதான் நடந்து வந்து சேந்தாங்க."

ஜன்னலோரம் இடம் கிடைக்காமல் வாசலில் நின்றபடி, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனோம்.

இந்தத் தண்டவாளம் யாருக்காகப் போட்டது? கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். நாவலப்பிட்டிக்கு 1874இல். அங்கே பத்து வருசம் நின்றுவிட்டு, 1884இல் வட்டவளை, றொசல்ல வழியாக ஹட்டனுக்கு ஏறி, 1885இல் நானுஓயாவைத் தொட்டது. மாட்டு வண்டியில் நாள்கணக்காகக் கொழும்புக்கு இறங்கிய கோப்பி மூட்டைகளைச் சீக்கிரம் இறக்கணும் என்பதுதான் துரைமாரின் கணக்கு. ஆனால் 1869இலேயே கோப்பி இலையில் நோய் விழுந்துவிட்டது. கோச்சி எங்கள் மலைக்கு வந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. கோப்பிக்காகப் போட்ட பாதையில் கடைசியில் இறங்கியது தேயிலை.

மூட்டைகளின் கதை இது. மூட்டைகளைக் கட்டிய ஆட்கள் எப்படி வந்தாங்க?

இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணியோடு கூட்டமாகக் கிளம்பி, கரைக்கு நடந்து, தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, பிறகு வன்னிக் காட்டுக்குள்ளால் மாத்தளை வரைக்கும் நடை. 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனாங்களே, அது ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்டில்தான் முடிந்தது. இரண்டு வாரத்துக்கும் மேல். அவங்களுக்கு வழியில் சாப்பாடும் தண்ணியும் தங்க இடமும் இருந்தன. அந்தக் காலத்துக் கூட்டத்துக்கு வாந்திபேதியும் காய்ச்சலும் வற்றிய குளங்களும்தான் வழித்துணை. நடக்க முடியாதவரைப் பாதையோரம் விட்டுவிட்டு மற்றவர்கள் போயிருக்கிறாங்க. அப்படி விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பேரும் இல்லை.

நாங்கள் பாடசாலையில் படிக்காத இன்னொரு விசயம்: கோப்பிக் காலத்தில் நிறையப் பேர் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்பினாங்க. அதாவது அதே காட்டை ரெண்டு தடவை கடக்கணும். மாத்தளையோடும் நடை முடியாது. திம்புள்ள, டிக்கோயாப் பக்கம் வேலை என்றால் கண்டி தாண்டி இன்னும் மேலே ஏறணும்.

நம்மாட்கள்தான் காடு முழுக்க வெட்டினாங்க என்று நாங்களும் மேடையில் பேசியிருக்கிறோம். முழு உண்மை இல்லை. தொடக்கத்தில் மரம் வீழ்த்தும் ஒப்பந்தங்களைச் சிங்களக் கிராமத்தவர்கள் நிறைய எடுத்திருக்கிறாங்க. வெட்டி எரித்த நிலத்தில் குழி தோண்டியது, கன்று நட்டது, ரோட்டுப் போட்டது எல்லாம் பெரும்பாலும் நம்மாட்கள்.

19ஆம் நூற்றாண்டின் முடிவில் அந்த வடக்குப் பாதை மூடப்பட்டது. அதற்குப் பிறகு வந்தவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறி, கொழும்பில் இறங்கி, றாகம முகாமில் இருந்துவிட்டுக் கோச்சியில் மலைக்கு வந்தாங்க. டிக்கட்? கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு. தோட்டத்தைக் குறிக்கும் எண் அதில் பொறித்திருக்கும். பயணச் செலவைத் தோட்டம் கட்டும். பிறகு அது தொழிலாளியின் தலையில் கடனாக ஏறும். எங்கள் ஆட்களில் பலரின் முதல் ரயில் பயணம் இப்படித்தான் இருந்திருக்கும்.

அதே தண்டவாளத்தில் திரும்பிப் போன பயணமும் உண்டு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று எழுதினாங்க. குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. எந்த ஸ்டேஷனில் யார் யார் கட்டிப்பிடித்து அழுதாங்க என்று அப்பாயிக்கு இன்னும் ஞாபகம். அதைச் சொல்லும்போது அவங்க சிரிக்கவில்லை.

சிங்கமலைச் சுரங்கத்துக்குள் கோச்சி நுழைந்ததும் எல்லாரும் கத்தினாங்க, நாங்களும் கத்தினோம். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா. அதுவரை கண்ணுக்கு எட்டின தூரம் தேயிலைதான். அம்பேவெல தாண்டித்தான் காடு என்று சொல்லக்கூடிய காடு வந்தது. பட்டிப்பொலவில் பாதை 6,200 அடியைத் தொடுகிறது. இந்தக் காடு தப்பியதற்கு ஒரு காரணம் இருக்கு. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொட வேண்டாம் என்று அரசுக்கு ஆலோசனை சொன்னார். நுவரெலியாப் பக்கம் அதற்கு மேலேயும் தேயிலை இருக்குதானே என்று நீங்கள் கேட்பீங்க. இருக்கு. ஆனாலும் ஹோர்ட்டன் சமவெளி மிஞ்சியதில் அந்தச் சொல்லுக்குப் பங்குண்டு. சுமார் 4,100 அடியில் இருக்கும் ஹட்டனுக்கும், அதற்குக் கீழே இருக்கும் எங்கள் றொசல்லவுக்கும் அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

ஒஹியவிலிருந்து மேலே பத்துப் பதினொரு கிலோமீட்டர் ஏற்றம். நாலாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றது. ஆறாவதில் ஒருத்தனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. எங்கள் பையில் பிஸ்கட், தண்ணி, மழைக்கோட்டு எல்லாம் இருந்தது. மன்னாரிலிருந்து வந்தவங்க இதை எத்தனை நாள் செய்தாங்க என்று யாரோ கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது.

இரவு வீட்டுக்கு வந்ததும் அப்பாயி கேட்டாங்க: "எத்தன மைல் நடந்தீங்க?"

"ஏழு மைல் அப்பாயி."

"திரும்பி வர?"

"த்ரீவீலர்ல."