கரிசல் பருத்தியும் விதைக் காப்புரிமையும்

தென்காசி மாவட்டத்தின் சங்கரன்கோவில் வட்டாரம், கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் வரை பரந்து கிடக்கும் கரிசல் நிலத்தின் ஒரு பகுதி. வடகிழக்குப் பருவமழையை நம்பி இங்கு மானாவாரியாகப் பயிரிடப்பட்டது கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி. 1901 இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இதிலிருந்து மேம்பட்ட வகைகளைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டது. அவற்றுக்குக் காப்புரிமை எதுவும் இல்லை. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரித்து, ஒரு பங்கை மாட்டுக்கு வைத்துவிட்டு, நல்லதை அடுத்த விதைப்புக்கு உழவர் எடுத்து வைக்கலாம். அண்டை வீட்டாருக்கும் கொடுக்கலாம்.

உயிருள்ள ஒன்றைத் தனியார் சொத்தாக்கலாமா என்ற கேள்வி உலக அளவில் பெரிதானது 1980 இல். கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றை உருவாக்கியவர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். அதற்குக் காப்புரிமை உண்டு என அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற மிகக் குறுகிய பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. 1995 இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம் நடுவழி ஒன்றைக் கொடுத்தது. நுண்ணுயிர்களுக்குக் காப்புரிமை கட்டாயம். தாவரங்களையும் விலங்குகளையும் நாடுகள் விலக்கிக்கொள்ளலாம். ஆனால் பயிர் வகைகளைக் காக்க ஏதேனும் ஒரு முறை இருந்தாக வேண்டும்.

இந்தியா அந்த வழியையே எடுத்தது. 2002 இன் திருத்தம் காப்புரிமைச் சட்டத்தில் 3(ஜே) பிரிவைச் சேர்த்தது. நுண்ணுயிர் தவிர, தாவரமோ விலங்கோ அவற்றின் பகுதியோ விதையோ கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் சாரம். பயிர் வகைகளுக்கு 2001 இல் தனிச் சட்டம் வந்தது. பதிவு செய்யப்பட்ட வகையின் விதையைக்கூட உழவர் சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம். வணிகப் பெயரிட்டு விற்கத்தான் தடை. உழவரின் உரிமையை இவ்வளவு வெளிப்படையாக எழுதிய சட்டங்கள் உலகில் குறைவு.

காய்ப்புழுவைத் தாக்கும் பாக்டீரியா மரபணுவைக் கொண்ட பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில் நடுவண் அரசு அனுமதி அளித்தது. அனுமதி பெற்ற மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அந்த முதல் மரபணுவுக்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை என்பது பலரும் கவனிக்காத செய்தி. ஆயினும் விதை நிறுவனங்களிடமிருந்து ஒப்பந்த வழியே கட்டணம் பெறப்பட்டது. இவை வீரிய ஒட்டு விதைகள் என்பதால், சேமித்து விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. சட்டம் கொடுத்த சேமிப்பு உரிமை நடைமுறையில் பயன்படாமல் போனது இதனால்தான். உழவர் ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டியிருந்தது.

இரண்டாம் தலைமுறை விதையில் சேர்க்கப்பட்ட மரபணுவுக்கு 2008 இல் மான்சாண்டோ 214436 என்ற எண்ணுள்ள இந்தியக் காப்புரிமையைப் பெற்றது. கட்டணத் தகராறில் நுசிவீடு சீட்ஸ் நிறுவனத்துடனான உரிம ஒப்பந்தத்தை 2015 இல் அதன் தரப்பு முறிக்க, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. விதைக்குள் புகுந்த மரபணு விதையின் பகுதியா, மனிதர் ஆய்வகத்தில் ஆக்கிய வேதிப்பொருளா என்பதே வழக்கின் மையக் கேள்வி. பகுதியே என்று கொண்டு 2018 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு காப்புரிமையைச் செல்லாததாக்கியது. சாட்சி விசாரணையின்றி இத்தகைய அறிவியல் கேள்வியை முடிக்க இயலாது என்று 2019 சனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வழக்கைத் தனி நீதிபதியிடம் திருப்பி அனுப்பியது.

இதற்கிடையே கட்டணத்தை வேறொரு கை குறைத்துக்கொண்டிருந்தது. 2015 டிசம்பரில் வந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ், 450 கிராம் பொட்டலத்துக்கான மரபணுக் கட்டணம் 2016 இல் 49 ரூபாயாகவும் பின்னர் 39, 20 என்றும் இறங்கி, 2020 இல் இல்லாமலே போனது. நீதிமன்றத்தைவிட அரசிதழ் விரைவாக வேலை செய்தது எனலாம்.

2021 மார்ச்சில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. காப்புரிமையின் 20 ஆண்டுக் காலமோ 2019 நவம்பரிலேயே முடிந்திருந்தது. 3(ஜே) பற்றிய கேள்விக்கு அந்த வழக்கில் இறுதித் தீர்ப்பு எழுதப்படவில்லை.