எல்லைப்புறமாக இருந்த ஆரணி

ஆரணி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? பட்டுச் சேலை, அதை அடுத்து அரிசி. ஆனால் இது ஒரு காலத்தில் எல்லைப்புறத்து ஊர் என்று சொன்னால் வியப்படைவீர்கள். எல்லை என்றால் இமயமலையையும் தார்ப் பாலைவனத்தையும் நினைத்துப் பழகியவர்கள் அல்லவா நாம்? எனினும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை, இன்றைய திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்கள் அடங்கிய நிலப்பகுதி அமைதி காணாத எல்லைப்புறமாகவே இருந்தது. அதற்குக் காரணம் என்ன? அதன் தடயங்களை இன்று எங்கே காணலாம்?

மலையில் ஒரு வாசல்

தமிழ்நாட்டின் இயற்கை அமைப்பைக் காட்டும் வரைபடம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே உயரத்தில் மைசூர்ப் பீடபூமி. கிழக்கே கடல்வரை பரந்த சமவெளி. இரண்டுக்கும் நடுவே, முன்பு பாராமகால் என வழங்கிய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதி ஒரு படிபோல் அமைந்துள்ளது. அந்தப் படியிலிருந்து சமவெளிக்கு இறங்கவிடாமல் ஜவ்வாது மலை குறுக்கே நிற்கிறது. அம்மலைக்குத் தெற்கே, செங்கத்தின் அருகில், ஓர் இடைவெளி இருக்கிறது. அதுதான் செங்கம் கணவாய். குதிரைகளும் பீரங்கி வண்டிகளும் இறங்கத்தக்க வழிகள் சிலவே. அவற்றுள் இது முக்கியமானது.

கணவாயில் இறங்கிய படைக்கு உடனே வேண்டியவை தண்ணீரும் நெல்லும் மாட்டுத் தீவனமும். இவை கிடைக்குமிடம் ஆற்றங்கரைகள். செய்யாற்றில் கலக்கும் கமண்டல நாகநதியின் கரையில் உள்ளது ஆரணி. அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே சென்றால் நவாபுகளின் தலைநகரான ஆர்க்காடு. ஆகவே, ஆரணிக் கோட்டையைக் கையில் வைத்திருப்பவர் படைக்கு உணவும் உண்டு, தலைநகருக்கு வழியும் உண்டு.

நாய்க்கும் ஒரு கல்

இந்த எல்லைப் பூசல் பீரங்கியோடு தொடங்கியதன்று. பல்லவர் காலத்தில் இப்பகுதியின் பெருஞ்செல்வம் மாடு. மாற்றார் வந்து மந்தையை ஓட்டிச் செல்வதும், ஊரார் துரத்திச் சென்று மீட்பதும் அடிக்கடி நிகழ்ந்தன. மீட்கும்போது இறந்த வீரனுக்கு ஊரார் கல் நட்டு, பெயரும் செயலும் பொறித்தனர். இவையே நடுகற்கள். செங்கம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் பல கண்டெடுக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் இவற்றை நூலாக வெளியிட்டது.

அவற்றுள் எடத்தனூர்க் கல் தனிச் சிறப்புடையது. மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த இக்கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டு கூறுகிறது. எல்லைப்புறத்து மக்களின் வாழ்வை இதைவிடத் தெளிவாக எந்த அரச சாசனம் நமக்குச் சொல்லும்?

கோட்டைக்காக நடந்த போர்கள்

17-ஆம் நூற்றாண்டில் ஆரணி மராத்திய ஜாகீர்தார்களிடம் வந்தது. இந்திய விடுதலைக்குப் பின் ஜாகீர்கள் ஒழிக்கப்படும்வரை அவர்கள் குடும்பம் இங்கே இருந்தது.

1751 டிசம்பரில் 26 வயதுக் கிளைவ், மராத்தியக் குதிரைப்படையின் துணையோடு, ராஜா சாகிபின் படையையும் அதற்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் ஆரணியருகே வென்றார். 1767-இல் செங்கம் கணவாயிலேயே ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. 1780 ஜூலையில் ஹைதர் பெரும் படையுடன் மீண்டும் இறங்கி வந்தார். ஆரணிக் கோட்டை அவருடைய உணவு, வெடிமருந்துக் கிடங்காயிற்று.

அந்தக் கிடங்கைக் கைப்பற்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தார். 1782 ஜூன் 2-ஆம் நாள் போர் நடந்தது. கூட்டின் படை களத்தில் முன்னேறியது. ஆனால் கோட்டை கிடைக்கவில்லை. அவரிடம் அரிசியும் குறைவு, வண்டி இழுக்கும் மாடுகளும் குறைவு. விரைந்து செல்லும் மைசூர்க் குதிரைப்படையை அவரால் தொடர முடியவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஹைதர் காலமானார். 1783 ஏப்ரலில் கூட்டும் காலமானார். 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. எல்லை மேற்கே நகர்ந்தது. ஆரணி உள்நாட்டு ஊராயிற்று.

இழந்தவர் யார்?

படைகள் மோதும்போது நெசவாளியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குழித்தறி தரையோடு பொருந்தியது. தூக்கிக்கொண்டு ஓட இயலாது. ஏற்றிய பாவை நடுவில் விட்டுச் சென்றால் அத்தனை நாள் உழைப்பும் வீண். எதிரிக்கு உணவு கிடைக்கக்கூடாது என்று பயிரும் ஊரும் அழிக்கப்பட்டன. சென்னையில் பஞ்சம் புகுந்தது. 1782-இல் அங்கே ஏழைகளுக்குத் தொடங்கிய கஞ்சித் தொட்டியே பின்னர் மணியக்காரர் சத்திரம் ஆயிற்று.

ஆயினும் தறிகள் அழியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆரணியின் மெல்லிய மஸ்லின் துணி புகழ்பெற்றிருந்தது. இன்று ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. தமிழோடு சௌராஷ்டிரம், தெலுங்கு, உருது ஆகிய மொழிகளும் இவ்வூரில் ஒலிக்கின்றன. பல திசைகளிலிருந்து மக்கள் வந்து குடியேறியதன் சான்று இது.

எங்கே காண்பது?

வேலூர்க் கோட்டையினுள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. 1985-இல் தொடங்கப்பட்ட அங்கே, கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கர் பயன்படுத்திய தந்தச் சதுரங்கப் பலகையைக் காணலாம். அவர் வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832-இல் இறந்தவர். மலைக்கு அப்பால் தர்மபுரியில் உள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக உள்ளன. இரண்டையும் பார்த்தால் எல்லையின் இருபுறமும் விளங்கிவிடும்.

ஆனால் எல்லாக் கற்களும் அருங்காட்சியகம் சேர்வதில்லை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் சில கிடக்கின்றன. சில துணி துவைக்கும் கல்லாகிவிடுகின்றன. எழுத்துத் தேய்ந்துவிட்டால் அந்த வீரனின் பெயரை இனி யாரும் படிக்க முடியாது. உங்கள் ஊரில் உருவமோ எழுத்தோ உள்ள கல்லைக் கண்டால் அதைச் சுரண்டாதீர்கள், சுண்ணாம்பு பூசாதீர்கள், இடம் பெயர்க்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வட்டாட்சியருக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ தெரிவியுங்கள். நிலத்தடியில் கிடைக்கும் புதையலை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது.

தளபதிகளின் பெயர்களை நூல்கள் காத்துக்கொள்ளும். கோவிவன் போன்றோரின் பெயரைக் காக்க அந்த ஒரு கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.