கொப்பித் தாளில் அச்சான போர்க்காலம்

1841 ஜனவரி 7ஆம் திகதி, அமெரிக்க மிஷனின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ்ப் பத்திரிகை அதுவே. தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்த அந்த இதழுக்கு ஹென்றி மார்ட்டின், சேத் பேய்சன் என்ற மிஷனரிப் பெயர்களைத் தாங்கிய நம்மவர் இருவரே ஆசிரியர்களாய் இருந்தனர். அதன்பின் ‘இந்து சாதனம்’ 1889இலும், நா. பொன்னையா அவர்களின் ‘ஈழகேசரி’ 1930இலும், ‘ஈழநாடு’ 1959இலும் தோன்றின. எங்கள் சிறிய குடாநாட்டுக்கு இது பெரிய பரம்பரை.

அந்தப் பரம்பரையில் மிக மெலிந்த தாள்கள் நாம் கல்லூரியில் படித்த காலத்துக்கு உரியவை. 1990 முதல் 1995 வரை வெளிவந்த அந்தப் பத்திரிகைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம் என்று பொருளாதாரத் தடையின் பட்டியல் நீண்டது. அச்சுத் தாளும் அருமையாகியது. 1985இல் தொடங்கிய ‘உதயன்’, விடுதலைப் புலிகளின் சார்பில் 1990இல் தொடங்கிய ‘ஈழநாதம்’ ஆகிய நாளேடுகள் அக்காலத்தில் கிடைத்த தாளிலெல்லாம் அச்சாகின. நாம் வீட்டுப்பாடம் எழுதும் கோடு போட்ட கொப்பித் தாளில் போர்ச் செய்தியும் வந்தது. கோட்டுக்கு மேலே ஓடிய எழுத்துகளைக் குப்பி விளக்கின் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தோம்.

ஒரு பேப்பர் ஒரு ஒழுங்கை முழுவதற்கும் போதுமானதாயிருந்தது. வாசிகசாலையில் ஒருவர் உரத்து வாசிக்கப் பத்துப்பேர் சுற்றி நின்று கேட்பர். இரவில் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவை இயக்கி, பி.பி.சி. தமிழோசை சொன்னதையும் காலைப் பேப்பர் சொன்னதையும் பெரியவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பர். எங்கள் அம்மாமார் முதலில் பார்த்தது மரண அறிவித்தல்களை. செத்தவீட்டுக்குப் போக வேண்டுமா என்பது அன்றைய முதற் கேள்வி.

முன்பக்கத்தில் 1991 ஆனையிறவுச் சமர் போன்ற பெரும் போர்கள் இருந்தன. உள்ளே கிளாலிக் கடல் வழிப் பயணம், கூப்பன் கடைப் பங்கீடு, பரீட்சை ஒத்திவைப்பு என்று அன்றாடம் இருந்தது. இன்று எங்களுக்கு அந்த உட்பக்கங்களே பெரிதாகத் தோன்றுகின்றன. சமர்களின் வரலாற்றைப் பலர் எழுதிவிட்டனர். ஒரு குடும்பம் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை எத்தனை நாளைக்கு வைத்துப் பாவித்தது என்பதை எவர் எழுதுவார்?

அந்தத் தாள்கள் முழு உண்மையையும் சொல்லிவிடவில்லை. குடாநாடு அப்போது புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்களை விமர்சித்து எழுதக்கூடிய நிலை இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் நகரத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மறுபுறம், 1995 செப்ரெம்பர் 21ஆம் திகதி கொழும்பு அரசு போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை விதித்தது. அடுத்த நாளே நாகர்கோவில் பாடசாலை மீது விமானக் குண்டு விழுந்து, எங்களைப் போலவே சீருடை அணிந்த பிள்ளைகள் மாண்டனர். இரண்டு பக்கத்தாலும் பேனா கட்டப்பட்டிருந்த காலம் அது. எந்தச் செய்தி எவ்வளவு இடம் பெற்றது, எது வராமலே போனது என்று எங்கள் பிள்ளைகள் ஒருநாள் தேட நேர்ந்தால், அதற்கும் அந்த இதழ்களே வேண்டும்.

எங்களில் மருத்துவத் துறைக்கு வந்தவர்களுக்கு இது நன்கு விளங்கும். நோயாளியின் பழைய கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதை மட்டும் நாம் பார்ப்பதில்லை. எழுதாமல் விட்ட மாதங்களையும் பார்க்கிறோம். ஆனால் கொப்பியே தொலைந்துவிட்டால் நோயாளி சொல்லும் நினைவை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். நினைவு வலித்த இடத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும். வலித்த நாளைச் சரியாகச் சொல்லாது.

இழப்பு நமக்குப் புதிதல்ல. 1981இல் யாழ். பொது நூலகம் சுமார் 97,000 நூல்களுடன் எரிந்தது. அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. பின் 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. உறுதி, நகை, பரீட்சைச் சான்றிதழ், ஒரு பானை ஆகியன கையில் வந்தன. பழைய பேப்பரை எவரும் தூக்கி வரவில்லை. மிஞ்சியவற்றில் பாதி அடுப்பு மூட்டப் போனது. மீதியைக் கறையான் தின்றது.

ஆயினும் எல்லாம் போய்விடவில்லை. 2005 முதல் ‘நூலகம்’ நிறுவனத்தினர் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றி வருகின்றனர். இந்த நூற்றாண்டில் எமது சங்கமும் இப்பணியில் கைகொடுக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் வாழும் சகோதரிகளே, ஊரில் பூட்டிய வீட்டின் அலுமாரியையும் றங்குப் பெட்டியையும் அடுத்த விடுமுறையில் திறந்து பாருங்கள். சேலை மடிப்புக்குக் கீழே விரித்த தாளைத் தூசி தட்டி எறிந்துவிடாதீர்கள். கிழிந்த தாளுக்குச் செலோரேப் ஒட்டவேண்டாம். அதன் பசை காலப்போக்கில் தாளை மஞ்சளாக்கிச் சிதைத்துவிடும். மடிப்பை மெல்ல விரித்து, தட்டையாக வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் திகதி தெரியப் படம் எடுங்கள்.

உங்கள் பழைய கொப்பிகளையும் மறந்துவிடாதீர்கள். உறை போடப் பிரவுண் பேப்பர் இல்லாத அந்த ஆண்டுகளில் நாம் பத்திரிகைத் தாளையே உறையாகப் போட்டோம். கணக்குக் கொப்பியின் உறையைக் கழற்றினால், உட்பக்கத்தில் ஒரு முழு நாளின் யாழ்ப்பாணம் இன்னும் இருக்கக்கூடும்.