முகூர்த்த வேளையின் இருள்

என் பெற்றோரின் திருமணம் 1968ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், விடியலுக்கு முந்திய முகூர்த்தத்தில் நடந்தேறியது. இரவெல்லாம் பெய்த மழையில் மின்சாரம் நின்றுவிட்டது. கீற்றுப் பந்தல் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்து நகரிலிருந்து வந்த படக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு ஃபிலிம் சுருள், அதாவது பன்னிரண்டு படங்கள். அவற்றுள் பதினொன்று, மழை விட்டு வெளிச்சம் வந்தபின் வாசலில் நிறுத்தி எடுக்கப்பட்டவை. எஞ்சிய ஒன்றே தாலி கட்டும் படம். ஈரத்தில் ஃபிளாஷ் எரிய மறுத்துவிட, பந்தற்காலில் தொங்கிய இரண்டு பெட்ரோமாக்ஸ் விளக்குகளை நம்பி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுத்தாராம். தந்தையின் கைகள் கலங்கித் தெரிகின்றன. வீணாய்ப்போன படம் என்று ஆல்பத்தில் ஒட்டாமல் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார்கள்.

இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என நண்பர்கள் பணித்தபோது அந்தப் படமே என் கண்முன் வந்து நின்றது. ஒரு திருமணத்தில் எது படமாயிற்று, எது படமாகாமற் போயிற்று என்பதை வீட்டாரின் விருப்பத்தைக் காட்டிலும் வானிலையும் வெளிச்சமுமே பெரிதும் தீர்மானித்து வந்திருக்கின்றன. அந்த வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்போம்.

ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். அடுத்த ஆண்டே விக்டோரியா அரசியின் திருமணம் நடந்தது. அதற்கு ஒளிப்படம் கிடையாது. 1858 ஜனவரி 25ஆம் நாள் அவருடைய மூத்த மகளின் திருமணம். இலண்டன் மாநகரின் குளிர்காலம். தேவாலயத்துள் நடந்த சடங்கைப் பதிவுசெய்தது ஓவியரின் தூரிகைதான். சடங்கிற்குப் புறப்படுமுன் தாய், தந்தை, மகள் மூவரும் வில்லியம்ஸ் என்னும் கலைஞரின் கருவிமுன் நின்றனர். அக்காலத் தகடுகளுக்கு அசையாமல் பல நொடிகள் நிற்க வேண்டும். மகளைப் பிரியப்போகும் அரசி நடுங்கிவிட்டார். அவர் உருவம் மங்கலாகப் பதிந்தது. தாம் நடுங்கியதே காரணம் என்று அவர் தம் நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். உலகாண்டவராயினும் ஒரு தாயின் நடுக்கத்தை அந்தத் தகடு மறைக்கவில்லை.

நம் மண்ணிலும் ஒளிப்படம் வெகு விரைவில் வேர் பிடித்தது. 1850இல் சென்னையில் கலைப்பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியால் 1856இல் ஒளிப்படச் சங்கமும் தோன்றியது. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையில் புதுமண்டபம் முதலியவற்றைப் படமெடுத்தார். மண்டபங்களின் மெல்லிய வெளிச்சத்தில் லென்ஸை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. கல்தூண்கள் பொறுத்துக்கொண்டன. மணப்பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பொறுமை ஏது? ஆகவேதான் திருமணம் முடிந்து சில நாட்கள் கழித்து, மணமக்களுக்கு மீண்டும் அதே பட்டை உடுத்தி, கண்ணாடிக் கூரையிட்ட ஸ்டூடியோவுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டாயிற்று. திரைச்சீலையில் தீட்டிய மாடிப்படியும் பூந்தொட்டியும் பின்னால் நிற்க, தம்பதியர் சிலைபோல் அமர்ந்தனர். அந்த விறைப்பை நாணம் என்று நாம் படித்துக்கொண்டோம். அதில் பாதி வெளிச்சக் குறைவின் கட்டளையாகும்.

இருளுக்குள் ஒளியைக் கொண்டுசெல்லும் முயற்சிகள் தொடர்ந்தன. 1887இல் ஜெர்மானியர்களான மீதே, கெய்டிக்கே இருவரும் மக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட்டைக் கலந்து ஃபிளாஷ் பொடியை உருவாக்கினர். கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம், தொடர்ந்து வெண்புகை. உலர்ந்த கீற்றுப் பந்தலுக்குள் அந்தப் பொடியைக் கொளுத்துவது எத்தகைய துணிச்சல் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1929இல் ஜெர்மனியில் ஃபிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. ஒரு பல்பு ஒரு படத்துக்கே உதவும். 1931இல் அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்ட்டன் உருவாக்கிய மின்னணு ஃபிளாஷ், பின்னர் கையடக்கமாகி நம் ஊர் படக்காரர்களின் தோளிலும் ஏறியது.

யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கருவிகள் கழுத்தில் தொங்கிய காலம் அது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மிகுந்திருந்த அந்நாட்களில், 1960இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 'இந்து' என்னும் பெயரில் ஃபிலிம் தந்தது. இந்து என்றால் நிலவு, பொருத்தமான பெயர்தான். ஒவ்வொரு படத்தையும் எண்ணி எடுக்க வேண்டியிருந்ததால், தாலியைக் கழுத்தருகே பிடித்தபடி மாப்பிள்ளையைச் சற்று நிற்கச் சொல்லும் வழக்கம் வந்தது. கெட்டிமேளம் முழங்க, நல்லநேரமே படக்காரருக்காகக் காத்திருந்தது.

ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள் அவர்களுக்குச் சோதனைக் காலம். கருவிக்கு அருகில் விழும் மழைத்துளிகளில் ஃபிளாஷ் பட்டால், படமெங்கும் வெள்ளை வட்டங்கள் தோன்றி முகங்களை மறைத்துவிடும். அனுபவசாலிகள் உதவியாளனிடம் விளக்கைக் கொடுத்து மணமக்களுக்குப் பின்புறமோ பக்கவாட்டிலோ நிற்க வைப்பர். அப்போது துளிகள் முத்துச்சரம்போல் ஒளிரும். ஓமப்புகைக்கும் இதுவே மருந்து. நேரே பாய்ச்சிய ஒளியைப் புகை திருப்பியடித்துத் திரையிடும்; புகைக்கும் புகைப்படத்துக்கும் அப்படியொரு பகை! குளிரூட்டிய மண்டபத்திலிருந்து ஈரக்காற்றுக்கு வந்ததும் லென்ஸில் பனி படியும். அது தானே விலகும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால், மேகம் கவிந்த நாளின் வெளிச்சத்தைப் பழிப்பதற்கில்லை. முற்றத்தோரத்திலோ திண்ணையிலோ அமர்த்திவிட்டால், கடுநிழல் இன்றி, கருநிற முகங்களின் மினுமினுப்பை அவ்வொளி அப்படியே காட்டும்.

இங்கே நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் போக இயலாது. வண்ணப் படங்கள் பரவியபோது, அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய மாதிரி அட்டைகளில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி என்பது அவ்வட்டைக்கு வழங்கிய பெயர். பலவகை நிறத்தவர் இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் வந்தன. அதுவரை அவள் முகம் சரியாக வந்தால் படம் சரி. வெண்பட்டு வேட்டிக்கு மேலே இருண்டுபோன நம் மாப்பிள்ளையின் முகத்துக்கும், மாவு பூசியதுபோல் வெளுத்த நம் மணமகளின் முகத்துக்கும் இந்த அளவுகோலுக்கும் தொடர்பு உண்டு. அதற்கு முன்பே கறுப்பு வெள்ளைப் படங்களில், நெகட்டிவின்மேல் பென்சிலால் தீற்றிப் பெண்ணைச் சிவப்பாக்கும் வித்தையை நம் ஸ்டூடியோக்கள் கற்றிருந்தன. பழியை முழுவதும் அயலார்மேல் போடுவது நேர்மையாகாது.

வேறொரு கணக்கும் உண்டு. விளக்கிலிருந்து இரு மடங்கு தொலைவில் நிற்பவருக்குக் கால் பங்கு ஒளியே கிட்டும். மும்மடங்கு தொலைவில் ஒன்பதில் ஒரு பங்கு. கருவியோடு சேர்ந்த ஃபிளாஷ் முன்னால் இருப்பவரை வெளுக்கும். பின்னால் நிற்பவரை இருட்டுக்குள் தள்ளும். நாதசுரக்காரர், தவில்காரர், விளக்கேந்தி நின்றவர், அடுக்களைப் பெண்கள், மங்கல வேளையில் தூணோரம் ஒதுங்கச் சொல்லப்பட்ட கைம்பெண்கள் ஆகியோர் நம் ஆல்பங்களில் இல்லை. சமூகம் ஓரத்தில் நிறுத்தியவர்களை ஒளியின் விதியும் ஓரத்திலேயே விட்டுவிட்டது.

இப்போது என் பெற்றோரின் வீணாய்ப்போன படத்துக்கு வருகிறேன். பெட்ரோமாக்ஸ் உயரத்தில் தொங்கியதால் அதன் ஒளி எல்லார்மீதும் ஏறத்தாழ ஒன்றுபோல் விழுந்திருக்கிறது. கைகள் கலங்கியிருப்பினும், பின்வரிசை முழுதும் தெரிகிறது. கன்னம் புடைக்க ஊதும் நாதசுரக்காரர். ஒழுகும் இடத்தில் தாம்பாளத்தைப் பிடித்து நிற்கும் ஒரு சிறுவன். தூணுக்கு அப்பால், முந்தானையால் வாயை மூடியபடி, என் தந்தையின் விதவை அத்தை. அந்த அத்தையின் முகம் இருக்கும் ஒரே படம் இதுதான். அவரைப்பற்றிக் கேட்டபோதுதான், என் தந்தையை வளர்த்தவரே அவர் என்பதை அம்மா சொன்னார். அச்சிறுவன் யாரென்று சொல்ல இப்போது எவருமில்லை.

2007இல் வெளிவந்த நிக்கான் டி3 முதலிய மின்னணுக் கருவிகள், பெட்ரோமாக்ஸ் ஒளியிலும் அசைவைப் பிடிக்கும் கூர்மையைப் பெற்றுவிட்டன. இருட்டு இன்று ஒரு தடையன்று. ஆயினும் முகங்களை வெளுக்கும் பழக்கம் பென்சிலிலிருந்து கணினிக்கு மாறியிருக்கிறதே தவிர நின்றபாடில்லை. ஓரத்தில் நிற்பவரை நோக்கிக் கருவி திரும்புவதும் அரிதாகவே இருக்கிறது.

நம் வட்டத்தின் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழைய திருமணப் படங்களை எடுத்துப் பாருங்கள். மங்கியது, மழையில் நனைந்தது, இருண்டது என்று ஒதுக்கியவற்றை முதலில் பாருங்கள். அறிந்த முதியவர் இருக்கும்போதே, விளிம்பில் நிற்பவர் பெயரைக் கேட்டுப் படத்தின் பின்புறம் எழுதி வையுங்கள். கவிதை எழுதுவது பிறகு ஆகட்டும். பெயர் எழுதுவதற்கு நாள் அதிகம் இல்லை.