ஃபிளின்ட் குடிநீர் நெருக்கடி

ஃபிளின்ட், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழும் ஏழை நகரம். நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, ஆளுநர் நியமித்த அவசரகால மேலாளரே அதை நிர்வகித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் பெயரளவில் இருந்தது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நீரை நிறுத்தி, ஃபிளின்ட் ஆற்று நீர் வழங்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் சேர்க்கப்படாததால் பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கலந்தது. நிறம் மாறிய நீரைப் புட்டிகளில் கொண்டுவந்து காட்டியவர்களிடம், குடிக்கலாம் என்றே அதிகாரிகள் கூறினர்.

அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, பாகங்கள் துருப்பிடிப்பதாகச் சொல்லி வேறு நீருக்கு மாறிக்கொண்டது. எந்திரத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகை குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. அவர்களின் இரத்தத்தில் ஈயம் கூடியதை மருத்துவர்கள் காட்டிய பிறகே, 2015 அக்டோபரில் டெட்ராய்ட் நீர் திரும்பியது. இதில் நிறவெறிக்குப் பங்குண்டு என்று 2017இல் மிச்சிகன் குடிமை உரிமை ஆணையம் அறிக்கையளித்தது.