கடைக்காரருக்குத் தெரியுமா? ஓவியக் கள்ள விற்பனையும் சட்டமும், 1512 முதல் இணையச் சந்தை வரை

1512ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரமன்றம் ஒரு வெளியூர் வியாபாரியின் மீது நடவடிக்கை எடுத்தது. நகரமன்றக் கட்டடத்தின் அருகிலேயே கடை விரித்து அவர் விற்ற அச்சுப் படங்களில் ஆல்பிரெஹ்ட் டியூரரின் முத்திரை போலியாகப் பொறிக்கப்பட்டிருந்தது. முத்திரையை நீக்கிவிட வேண்டும், மறுத்தால் படங்கள் பறிமுதல் என்பதே உத்தரவு. முத்திரையை எடுத்துவிட்டு அதே படத்தை விற்க அது தடை சொல்லவில்லை. அன்றைய சட்டத்துக்கு ஓவியரின் பெயர்தான் சொத்து, படம் அல்ல.

பெயரிலிருந்து படத்துக்கு உரிமை விரிந்த கதையை நாம் நன்கு அறிவோம். அதே வரலாற்றில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு கேள்வியும் உண்டு. நகலெடுப்பவர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்றால் விற்பவர் எப்போது பொறுப்பாளி ஆகிறார்? திருட்டைத் தேடிப் பிடிக்கும் வேலை யார் தலையில் விழுகிறது? இணையத்தில் தன் ஓவியம் டீ-ஷர்ட்டாக விற்பதைக் காணும் கலைஞரின் இன்றைய இக்கட்டுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வில்லியம் ஹோகார்த் 1732இல் வெளியிட்ட ‘எ ஹார்லட்ஸ் பிராக்ரஸ்’ என்ற ஆறு படத் தொடர் லண்டனில் பெரும் வெற்றி பெற்றது. உடனே கள்ள நகல்களும் பெருகின. நகலெடுத்தவர்களைவிட, அவற்றை விற்ற படக்கடைக்காரர்கள்மீதே செதுக்குக் கலைஞர்களுக்குக் கோபம் அதிகம். ஓவியர் தன் செலவில் படத்தை வெளியிட்டால் கடைக்காரர்கள் அதை ஒதுக்கிவிட்டு மலிவு நகலைச் செதுக்கவைத்து விற்றார்கள். பிறகு மூலப்படத்தையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். ஹோகார்த்தும் சக கலைஞர்களும் நாடாளுமன்றத்திடம் வைத்த முறையீட்டின் சாரம் இது. 1735இல் சட்டம் வந்தது. ஓவியர் தானே புனைந்து செதுக்கிய படத்துக்கு 14 ஆண்டு உரிமை. கள்ளப் பிரதி ஒவ்வொன்றுக்கும் 5 ஷில்லிங் அபராதம். தகடும் தாள்களும் அழிக்கப்பட வேண்டும்.

தன் அடுத்த தொடரான ‘எ ரேக்ஸ் பிராக்ரஸ்’ படங்களைச் சட்டம் நடைமுறைக்கு வரும் ஜூன் மாதம்வரை ஹோகார்த் வெளியிடாமல் வைத்திருந்தார். கள்ள அச்சுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மூல ஓவியங்களைப் பார்த்துவர ஆள் அனுப்பி, நினைவிலிருந்து வரையவைத்து, அவர் படங்கள் வெளிவரும் முன்பே கடையில் வைத்துவிட்டார்கள். ஹோகார்த் கொடுத்த பதில்தான் எனக்கு அவருடைய சட்டத்தைவிடச் சுவையானது: தாமஸ் பேக்வெல் என்ற விற்பனையாளர் மூலம் அனுமதி பெற்ற சிறிய, மலிவு நகலைத் தாமே சந்தைக்குக் கொண்டுவந்தார்.

இந்தச் சட்டம் விற்பவரையும் தண்டித்தது. ஆனால் அனுமதியில்லாத அச்சு என்று அறிந்தே விற்றிருக்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியும் என்று நிறுவும் பாரம் வழக்குப் போட்ட கலைஞருடையது. லண்டனில் சில டஜன் கடைகளைச் சுற்றிவந்தால் போதும் என்ற நிலையில் அது பெரிய பாரமாகத் தோன்றியிருக்காது.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் உரிமைக் காலம் நீண்டது, 1862இல் பிரிட்டனில் தைல ஓவியங்களும் காப்புக்குள் வந்தன. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி இன்று ஓவியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும் உரிமைக் காலம். 1906இல் மறைந்த ரவிவர்மாவின் படத்தை எந்த இணையதளமும் அச்சிட்டு விற்கலாம், அது திருட்டல்ல. சிவகாசி காலண்டர்கள் வழியாக வீட்டுக்கு வீடு போன கோவில்பட்டி கொண்டைய ராஜு 1976இல்தான் மறைந்தார். அவர் படங்களுக்கான உரிமை, அவரது வாரிசிடம் இருந்தாலும் வாங்கிய அச்சகத்திடம் இருந்தாலும், 2036 முடியும்வரை உயிரோடிருக்கும். ‘பழைய படம்தானே’ என்ற எண்ணத்தில் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் ஏராளம்.

1998இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் மில்லினியம் காப்புரிமைச் சட்டம் கடைக்காரர் பற்றிய பழைய கேள்விக்குப் புதிய விடை தந்தது. பயனர் ஏற்றும் பொருளுக்குத் தளம் பொறுப்பல்ல. புகார் வந்ததும் நீக்கிவிட்டால் போதும். தொலைபேசி நிறுவனம் போலத் தகவலைச் சுமந்து செல்பவர்களை மனத்தில் வைத்து உருவான ஏற்பாடு இது. அதன் நிழலில் சந்தைகளும் ஒதுங்கிக்கொண்டன. ஒரு படத்தை நீக்கினால் வேறு கணக்கில் அதே படம் மறுநாள் முளைக்கிறது. 2019 டிசம்பரில் ட்விட்டரில் நடந்தது இதன் உச்சம். ‘இது டீ-ஷர்ட்டில் வேண்டும்’ என்று யாராவது பின்னூட்டம் இட்டால் அந்தப் படத்தைத் தானாகவே கவர்ந்து விற்பனைக்கு வைக்கும் நிரல்கள் இயங்குவதைக் கலைஞர்கள் கண்டுபிடித்தார்கள். உடனே டிஸ்னி பாத்திரங்களை வரைந்து, அவற்றின் கீழ் அதே வாசகத்தை எழுதித் தூண்டில் போட்டார்கள். கள்ளக் கடைகளில் மிக்கி மவுஸ் சட்டைகள் தொங்கின. தங்கள் புகாருக்கு அசையாதவர்கள் டிஸ்னியின் வக்கீலுக்கு அசைவார்கள் என்ற கணக்கு அது. ஹோகார்த் ரசித்திருப்பார்.

நீதிமன்றம் தளங்களை நெருங்கிய ஒரு வழக்கும் உண்டு. கெர்ன் எரிக்சன், ஸ்காட் வெஸ்ட்மோர்லாந்து ஆகிய ஓவியர்களின் படங்கள் ஜாஸில் தளத்தில் குவளைகளாகவும் சட்டைகளாகவும் விற்றன. உரிமை பெற்ற பதிப்பாளர் வழக்குத் தொடுத்தார். 2017இல் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் நுட்பமாக ஒரு கோடு கிழித்தது: படத்தைப் பக்கத்தில் காட்டுவது வேறு, ஆர்டர் வந்ததும் தானே பொருளாகச் செய்து அனுப்புவது வேறு. இரண்டாவதற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் கிடையாது. ஜூரி விதித்த இழப்பீடு 4,60,800 டாலர். என் பார்வையில் கடைக்காரரின் பொறுப்பு குறித்து 1735க்குப் பின் வந்த மிகத் தெளிவான வரையறைகளில் இது ஒன்று. ஆனால் பொருளைத் தானே செய்யாமல் வெளியார் அச்சகத்துக்குத் தள்ளிவிடும் தளங்களை இது எளிதில் தொடாது.

இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தமும் 2013ஆம் ஆண்டு விதிகளும் வகுத்த வழி கலைஞருக்கு இன்னும் இறுக்கமானது. தளத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். படைப்பின் விவரம், உரிமைக்கான ஆதாரம், நகல் இருக்கும் இணைய முகவரி எல்லாம் அதில் இருக்க வேண்டும். தளம் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். புகார்தாரர் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவைக் கொண்டுவருவதாக உறுதியும் தர வேண்டும். கொண்டுவராவிட்டால் தளம் படத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். 500 ரூபாய் போஸ்டருக்காக எந்த ஓவியர் மூன்று வாரத்தில் இடைக்கால உத்தரவு வாங்குவார்? போதாததற்கு, மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் தொடர்பான வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம், தளத்துக்குப் பொதுவான சந்தேகம் இருந்தால் போதாது, குறிப்பிட்ட நகலைப் பற்றிய திட்டவட்டமான அறிவு வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

திரைப்படத் தயாரிப்பாளர்களிடம் வேறொரு கருவி உண்டு: பெயர் தெரியாத எதிராளிகள்மீது முன்கூட்டியே பெறும் ‘அசோக் குமார்’ தடையுத்தரவு. 2012இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அப்படியொரு உத்தரவு கிடைத்தபோது இணையச் சேவை நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கின. எதிர்ப்பு எழுந்தது. ஜூன் மாதம் நீதிமன்றம் உத்தரவைத் தெளிவுபடுத்தியது: கள்ளப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும், அவற்றைத் தயாரிப்பாளரே தேடி, பட்டியலிட்டுத் தர வேண்டும்.